கிடங்கு யார் கையில்?

ஆலையில் ஷிப்டு முடிந்து, வயலில் வேலை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் நேரத்தில்தான் கைப்போனில் படம் ஓட மறுக்கிறது. வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் பாடம் பார்க்க உட்கார்ந்தாலும் இதே கதி. பெரியவர்கள் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தாலும் இதே கதி. “டவர் சரியில்லை” என்று சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்து விடுகிறோம். டவர் ஒரு காரணம்தான். அது மட்டுமே காரணம் அல்ல. படம் எங்கிருந்து புறப்படுகிறது, வழியில் எங்கே தங்குகிறது, தங்கும் இடத்துக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்விகளும் இருக்கின்றன. தொழிலாளி வர்க்கம் இந்தக் கேள்விகளைக் கேட்டாக வேண்டும் என்பதே நமது கருத்து.

கூலி உயர்வுக்கும் குடிமனைப் பட்டாவுக்கும் போராடுகிற நமக்கு இந்த யந்திர விவகாரம் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் மாதிரி ‘ரீசார்ஜ்’ என்பதும் இன்று குடும்பச் செலவில் ஓர் இனமாகிவிட்டது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளத்தில் வருகைப் பதிவைக் கைப்போன் செயலியில்தான் செய்ய வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. பள்ளிப் பாடம் போனில் வருகிறது. கூலியில் ஒரு பங்கு டெலிபோன் கம்பெனிக்குப் போகிறது. அப்படியிருக்க, அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பதும் கூலிப் போராட்டத்தின் ஒரு பகுதிதான்.

மலைப்படியும் தண்ணீர்ப் பந்தலும்

விஷயம் ஒன்றும் கடினமானதல்ல. நமது திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆடிக் கிருத்திகையன்று காவடி தூக்கிக்கொண்டு லட்சக்கணக்கான ஜனங்கள் ஏறுகிறார்கள். தாகம் எடுத்த ஒவ்வொருவரும் அடிவாரத்துக்கு இறங்கி வந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் இடித்துக்கொண்டு படியே அடைபட்டுப் போகும். ஆகவேதான் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். குடங்களை ஒருமுறை மேலே ஏற்றி வைத்துவிட்டால் வருகிறவர்கள் எல்லோரும் அங்கேயே குடித்துவிட்டு மேலே போகலாம். படியும் மிச்சம், நேரமும் மிச்சம்.

இணையத்திலும் இதே சங்கடம் உண்டு. ரேடியோவும் டெலிவிஷனும் வேறு மாதிரி. அங்கே ஒரே ஒலிபரப்பு, ஒரே ஒளிபரப்பு. ஒருவர் கேட்டாலும் ஒரு கோடிப் பேர் கேட்டாலும் நிலையத்துக்கு ஒரே செலவுதான். இணையத்தில் அப்படி இல்லை. நூறு பேர் ஒரே படத்தைப் பார்த்தால் நூறு தனித்தனிப் பிரதிகள் கம்பி வழியே ஓடி வர வேண்டும். அத்தனையும் கடலுக்கு அப்பாலிருந்து வருவதென்றால் எந்தக் கம்பி தாங்கும்? 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கம்பிகள் அறுந்தபோது இந்தியா முழுவதும் இணையம் தள்ளாடியது. அவ்வளவு தூரத்தை நம்பி நாம் இருக்கிறோம்.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழிதான் ‘ப்ராக்ஸி கேஷ்’. ப்ராக்ஸி என்றால் ஒருவருக்குப் பதிலாக நிற்பவர். நம் ஊர் முக்தியார் மாதிரி. கேஷ் என்றால் எடுத்து வைக்கும் கிடங்கு; கல்லாப் பெட்டிக் காசு அல்ல. (கம்பெனிகள் கையில் அது காசாகவும் மாறுகிறது, அதைப் பின்னால் பார்ப்போம்.)

இந்தக் கிடங்கு வேலை செய்யும் விதம் இதுதான். ஒரு படத்தைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி வைக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் பல தரத்தில் இருக்கும்: கம்பி நன்றாக இருந்தால் தெளிவான துண்டு, நெரிசலாக இருந்தால் மங்கலான துண்டு. நமது போன் துண்டு துண்டாகக் கேட்டு வாங்குகிறது. கேள்வி முதலில் பக்கத்துக் கிடங்குக்குப் போகிறது. துண்டு அங்கே இருந்தால் உடனே கொடுத்துவிடும். இல்லாவிட்டால் கிடங்கே தூரத்து நிலையத்தைக் கேட்டு, ஒரே ஒரு பிரதியை வாங்கி, கேட்டவருக்கும் கொடுத்து, தன்னிடமும் ஒன்றை வைத்துக்கொள்ளும். அதே துண்டை நூறு பேர் ஒரே சமயத்தில் கேட்டாலும் தூரத்துக்கு ஒரே கேள்விதான் போகும். 1999-ல் சென், ரெக்ஸ்ஃபோர்ட், டௌஸ்லி என்ற ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு யோசனையும் சொன்னார்கள்: முழுப் படத்தையும் வைக்க இடமில்லையா? முதல் பகுதியை மட்டும் வைத்தால் போதும். பார்க்கிறவருக்குப் படம் உடனே தொடங்கிவிடும். அது ஓடும் நேரத்தில் மீதி வந்து சேர்ந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணத் தெளிவில் 20 நிமிஷப் பாடம் ஒன்று, விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் வந்தால், 150 எம்.பி. ஆகும். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் தனித்தனியாகப் பார்த்தால் 6,000 எம்.பி. கம்பியில் ஓட வேண்டும். ஊரிலேயே கிடங்கு இருந்தால் வெளியிலிருந்து வர வேண்டியது 150 எம்.பி. மட்டும். நாற்பது மூட்டைக்குப் பதில் ஒரு மூட்டை! இன்னொரு கணக்கு: உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் தட்டில் இப்படிப்பட்ட பாடங்கள் ஆறாயிரத்துக்கு மேல் அடங்கும். அதாவது இரண்டாயிரம் மணி நேரத்துக்கு மேற்பட்ட பாடம்.

பொதுச் சொத்து கம்பெனிச் சொத்தானது

இந்த வித்தையை எந்த முதலாளியும் தன் மூளையிலிருந்து உண்டாக்கவில்லை. ‘ஸ்க்விட்’ என்ற புகழ்பெற்ற ப்ராக்ஸி மென்பொருள் 1996-ல் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. அமெரிக்க அரசின் தேசிய விஞ்ஞான நிதி அதற்கு மானியம் கொடுத்தது. அதாவது ஜனங்களின் வரிப்பணம். அதை யாரும் இலவசமாக எடுத்து ஓட்டலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஒரு கல்லூரிக்கு மெலிந்த கம்பி ஒன்று மட்டும் இருந்தாலும், ஸ்க்விட் ஓட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டு அத்தனை மாணவர்களுக்கும் பக்கங்களை வழங்க முடிந்தது. அந்தக் கிடங்கின் சாவி உபயோகிக்கிறவர்களிடமே இருந்தது.

பிறகு வியாபாரம் நுழைந்தது. 1998-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் டாம் லெய்டனும் மாணவர் டேனியல் லெவினும் ‘அகாமை’ கம்பெனியைத் தொடங்கினார்கள். உலகெங்கும் கிடங்கு வைத்து வாடகைக்கு விடுவது அதன் தொழில். 2012-ல் நெட்ஃப்ளிக்ஸ் தனக்கென்று சொந்தக் கிடங்குப் பெட்டிகளை அறிவித்தது. ஜனங்கள் தூங்கும் நேரத்தில், கம்பி காலியாக இருக்கும்போது, மறுநாள் பார்க்கப்படும் படங்களை அந்தப் பெட்டிகளில் நிரப்பிவிடுகிறார்கள்; ஆலையில் ராத்திரி ஷிப்டு மாதிரி! கூகிளும் இப்படியே யூடியூப் படங்களுக்காகத் தன் பெட்டிகளை டெலிபோன் கம்பெனிகளின் கட்டிடங்களுக்குள் வைத்தது. 2023 நவம்பர் 19 அன்று ஆமதாபாத் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 5 கோடியே 90 லட்சம் பேர் வரை பார்த்தார்கள். கிடங்குகள் இல்லாமல் அது நடந்திருக்கவே முடியாது. விஞ்ஞானத்தின் இந்தச் சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆலை யந்திரத்தோடு தொழிலாளிக்குப் பகை இல்லை. யந்திரத்தை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என்றைக்கும் கேள்வி.

இங்கே ஒரு பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் ஓடும் சரக்கை வழியில் யாரும் பிரித்துப் பார்க்காதபடி சங்கேதப் பூட்டுப் போடும் முறை பரவியது. 2016-ல் யூடியூப் போக்குவரத்தில் 97 சதவீதம் பூட்டப்பட்டுவிட்டதாக அந்தக் கம்பெனியே அறிவித்தது. இந்தப் பூட்டு அவசியம். ஒரு தொழிலாளி எதைப் படிக்கிறார், எந்தச் சங்கத்தின் கூட்டத்தைப் பார்க்கிறார் என்பதை முதலாளியோ போலீஸோ வழியில் நின்று பார்க்கக் கூடாது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பூட்டிய மூட்டையைக் கல்லூரியின் ப்ராக்ஸியும் பஞ்சாயத்தின் ப்ராக்ஸியும் பிரித்து, எடுத்து வைத்துப் பிறருக்குக் கொடுக்க முடியாது. சாவி வைத்திருக்கும் கம்பெனியின் கிடங்கு மட்டுமே கொடுக்க முடியும். ஆகவே பூட்டை உடைப்பது நமது கோரிக்கை அல்ல. நம் சரக்கை நம் கிடங்கில், நம் சாவியோடு வைக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

விற்பனை விதியும் தேவை விதியும்

கிடங்கில் இடம் அளவானது. நிரம்பிவிட்டால் எதையாவது வெளியே தள்ள வேண்டும். எதைத் தள்ளுவது? நெடுநாளாக யாரும் கேட்காததைத் தள்ளு என்பது பழைய விதி. அதிகம் பேர் பார்க்கப் போவதை முன்கூட்டியே நிரப்பி வை என்பது புது விதி. இரண்டும் ஒன்றுதான்: அதிகம் ஓடுவது பக்கத்தில் நிற்கும், குறைவாக ஓடுவது தூரத்துக்குப் போகும்.

சினிமாவுக்கு இந்த விதி சரியாக இருக்கலாம். படிப்புக்குச் சரியா? திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆனால் எல்லைக் கோடு வீட்டுக்குள் பேசும் பாஷையைப் பிரிக்கவில்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்கு வழியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைத் தெலுங்கில் நடத்தும் ஒரு கணக்குப் பாடத்தை எத்தனை பேர் பார்ப்பார்கள்? ஒரு சினிமாப் பாட்டைப் பார்க்கிறவர்களில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. லாபக் கிடங்கில் அந்தப் பாடத்துக்கு நிலையான இடம் கிடைக்குமா? பாடம் கிடைக்காமலே போகாது; தூரத்திலிருந்து வரும். ஆனால் மாலை நெரிசலில் வட்டம் சுற்றப் போவது அந்தப் பிள்ளையின் போனில்தான். அம்மையார்குப்பம் விசைத்தறித் தொழிலாளிக்கு வேண்டிய தொழிற்சட்ட விளக்கத்துக்கும், திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் கூலிக்காரருக்கு வேண்டிய கூலிச்சட்ட விளக்கத்துக்கும் இதே கதிதான். குறைவான பேர் கேட்பதால் அது குறைவாகத் தேவைப்படுகிறது என்று அர்த்தமா? ஊரில் ஒரே ஒருவருக்குப் பாம்புக் கடி மருந்து வேண்டியிருந்தாலும் ஆஸ்பத்திரி அலமாரியில் அது இருக்க வேண்டும் அல்லவா?

தமிழக அரசு 2019 ஆகஸ்ட் 26 அன்று ‘கல்வித் தொலைக்காட்சி’யைத் தொடங்கியது. நமது ஆசிரியர்கள் நமது வரிப்பணத்தில் எடுத்த பாடங்கள் அவை. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது ஏழைப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடங்கள் உதவின. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் ஒளிபரப்பு முடிந்த பாடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டுமானால் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? யூடியூபுக்கு! பாடம் நம்முடையது, ஆசிரியர் நம்முடையவர், செலவு நம்முடையது. கிடங்கு மட்டும் அந்நியக் கம்பெனியுடையது. எந்தப் பாடத்தைப் பக்கத்தில் வைப்பது, அதற்கடுத்து எந்தப் படத்தைக் காட்டுவது, எங்கே விளம்பரம் போடுவது என்பதெல்லாம் கம்பெனியின் தீர்மானம்.

மிச்சம் யாருக்கு?

கிடங்கு வைத்ததால் டெலிபோன் கம்பெனிக்குத் தூரக் கம்பிச் செலவு மிச்சமாகிறது. படக் கம்பெனிக்கும் மிச்சமாகிறது. ஆனால் ரீசார்ஜ் செய்யும் கூலிக்காரருக்கு? சென்னைக் கிடங்கிலிருந்து வந்த 150 எம்.பி.-யும் அமெரிக்காவிலிருந்து வந்த 150 எம்.பி.-யும் அவர் கணக்கில் ஒரே மாதிரிதான் கழிக்கப்படுகின்றன. தினம் ஒன்றரை ஜி.பி. திட்டத்தில் பத்துப் பாடம் பார்த்தால் அன்றைய பங்கு தீர்ந்தது. ஒரே போனை வைத்திருக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து. விலையோ இறங்கவில்லை. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்து கட்டணத்தை ஏற்றின. 28 நாளுக்குத் தினம் ஒன்றரை ஜி.பி. தரும் ஜியோ திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாய் ஆயிற்று. ஒரே அடியில் கால் பங்கு உயர்வு! எந்த ஆலை முதலாளி எந்தத் தொழிலாளிக்கு ஒரே நாளில் கால் பங்கு கூலி உயர்த்தினார்?

இதைக் கட்டுப்படுத்த வேண்டிய டிராய் என்ன செய்தது? இணையப் பாரபட்சம் கூடாது என்ற விதிகளை 2017 நவம்பரில் சிபாரிசு செய்தபோது, கிடங்கு வலைப்பின்னல்களை அந்த விதிகளின் வரம்புக்கு வெளியே வைத்தது. பணம் உள்ள கம்பெனி நம் டெலிபோன் கம்பெனியின் கட்டிடத்துக்குள்ளேயே பெட்டி வைத்து வேகமாக ஓடலாம். பணமில்லாத சிறு ஸ்தாபனம் தூரத்திலிருந்து நொண்டி வர வேண்டும். விதிப்படி இதில் தவறில்லையாம்!

சர்க்காருக்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. இந்தியாவுக்கு 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்கள் இணையத்தைக் கொண்டுவந்தது பொதுத்துறை நிறுவனமான வி.எஸ்.என்.எல். அதை 2002-ல் டாட்டாவுக்குக் கொடுத்தார்கள். 2016-ல் ஜியோ 4ஜி-யோடு களமிறங்கியபோது பி.எஸ்.என்.எல்.-ஐக் கையைக் கட்டி உட்கார வைத்தார்கள். நாடு தழுவிய அதன் 4ஜி தொடக்க விழா நடக்க 2025 செப்டம்பர் ஆயிற்று. இருந்தும் பொதுக் கம்பி இன்னும் இருக்கிறது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் விநாடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தில் கண்ணாடி இழைக் கம்பி கொடுப்பதென்று ‘டான்ஃபிநெட்’ நிறுவனம் அமைக்கப்பட்டது. கேரளத்தில் 2023 ஜூன் 5 அன்று இடது ஜனநாயக முன்னணி அரசு கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கி வைத்தது. இணையம் மக்களின் உரிமை என்று அறிவித்து, முதற்கட்டமாகத் தொகுதிக்கு 100 வீதம் 140 தொகுதிகளில் 14,000 ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று திட்டமிட்டது. கம்பியைப் பொதுச் சொத்தாகப் போட முடியும் என்பதற்கு இவை அத்தாட்சி. கம்பி பொதுவாக இருந்து கிடங்கு தனியாரிடம் இருந்தால், ரோடு போட்டுக் கொடுத்துவிட்டு ரேஷன் கடையை மளிகை முதலாளியிடம் ஒப்படைத்த கதைதான்!

நாம் கோருவது

ஒன்று: திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, திருவாலங்காடு ஆகிய ஒன்றியங்கள் ஒவ்வொன்றிலும் ஊராட்சிக் கம்பி வந்து சேரும் இடத்தில் ஒரு பொதுக் கிடங்கு வைக்க வேண்டும். கம்பி காலியாக இருக்கும் ராத்திரி நேரத்தில் அதை நிரப்ப வேண்டும். மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது.

இரண்டு: அரசு எடுத்த பாடங்கள் முழுவதும் அந்தக் கிடங்கில் இருக்க வேண்டும். யூடியூபிலும் இருக்கட்டும், அங்கே மட்டும் இருக்கக் கூடாது. ஆசிரியரும் வாலிபர் சங்கமும் தடையின்றிப் பிரதி எடுத்துக்கொள்ளும் உரிமையோடு வெளியிட வேண்டும்.

மூன்று: எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்பதைப் பார்வைக் கணக்கு தீர்மானிக்கக் கூடாது. சிறுபான்மை மொழிப் பாடம், தொழிற்சட்டம், விவசாயம், ஆரோக்கியம் ஆகியவற்றுக்கு நிரந்தர இடம் ஒதுக்க வேண்டும். கிராம சபை இதில் யோசனை சொல்லும் உரிமை பெற வேண்டும்.

நான்கு: பள்ளி, நூலகம், ஊராட்சி அலுவலகம் மூன்றிலும் இலவச வைஃபை மூலம் இந்தக் கிடங்கைத் திறந்துவிட வேண்டும். வீட்டு ரீசார்ஜைத் தொடாமல் பிள்ளை பாடம் பார்க்கட்டும்.

ஐந்து: யார் எதைப் பார்த்தார்கள் என்ற பதிவு கிடங்கில் இருக்கக் கூடாது. தண்ணீர்ப் பந்தலில் தண்ணீர் கொடுக்கிறவர் குடித்தவரின் பெயரை எழுதி வைப்பதில்லை.

ஆறு: கிடங்குகளால் டெலிபோன் கம்பெனிகளுக்கு எவ்வளவு மிச்சம் என்ற கணக்கை டிராய் கேட்டு வாங்கிப் பகிரங்கப்படுத்த வேண்டும். கட்டணத்தைக் கம்பெனிகளின் இஷ்டத்துக்கு விட்டுவைக்கும் முறையை மாற்ற வேண்டும்.

ஏழு: கிடங்கைப் பராமரிக்க உள்ளூர்ப் படித்த வாலிபர்களை நிரந்தர ஊழியராக நியமிக்க வேண்டும். காண்டிராக்ட் முறை கூடாது.

இதில் எதுவும் ஆகாயத்துக் கோட்டை அல்ல. ஒன்றியத்துக்கு ஒரு பெட்டி, சில வட்டுகள், விட்டு விட்டு வரும் கரெண்டுக்கு ஒரு பாட்டரி, கவனித்துக்கொள்ள ஓர் ஆள். கம்பெனிகள் இதைத் தங்கள் லாபத்துக்காக நாடெங்கும் செய்து காட்டிவிட்டன. கம்பெனியால் சினிமாவுக்குச் செய்ய முடிந்ததைச் சர்க்காரால் படிப்புக்குச் செய்ய முடியாதா?

செய்ய முடியும். கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள். வரும் கிராம சபைக் கூட்டங்களில் விவசாயத் தொழிலாளர் தோழர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். ஆலைச் சங்கக் கிளைகள் ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். மாதர்களும் வாலிபர்களும் கையெழுத்து வாங்கி வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நெல்லுக்குக் கிடங்கு கேட்டோம், ரேஷனுக்குக் கடை கேட்டோம், போராடிப் பெற்றோம். நமது பிள்ளைகளின் பாடத்துக்கும் ஊருக்குள் ஒரு கிடங்கு கேட்போம். சாவி ஜனங்கள் கையில் இருக்க வேண்டும் என்று கேட்போம்!